கோமாளி மீனும் வெண்புள்ளி நோயும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, அறிவியல் மன்றம்)

எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வகத்தின் சன்னலோரத்தில் கடல்நீர் மீன் தொட்டி ஒன்று இருப்பதை யாவரும் அறிவீர்கள். மதிய உணவு மணி அடித்ததும் மழலையர் வகுப்புக் குழந்தைகள் “நீமோ! நீமோ!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்களே, அந்தத் தொட்டிதான். சென்ற ஜூலை முதல் வாரத்தில் அதில் இரண்டு மீன்கள் இருந்தன. மாதக் கடைசியில் ஒன்றுகூட இல்லை. அக்டோபரில் ஒரே ஒரு மீன் திரும்பி வந்தது. “மற்றொரு நீமோ எங்கே அக்கா?” என்று கேட்ட குழந்தைக்கு அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கடல் மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை நம் சென்னைக்குப் புதிது அன்று. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சியால் 1909-ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று அது இல்லை. ஆனால் வண்ண மீன் வாங்க வேண்டுமென்றால் சென்னைவாசிகள் இன்றும் கொளத்தூர்ப் பக்கம் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்களே வளர்க்கப்படுகின்றன. கடல் மீனைப் பொறுத்தவரை, 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் கோமாளி மீன்களைத் தொட்டிகளிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டறிந்துள்ளனர். கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே பிறந்த மீனை வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. எங்கள் மீன்கள் எங்கே பிறந்தவை என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. அவற்றின் நிறத்தைக் கண்டதும் மயங்கிவிட்டோம்.

வகுப்பில் ஆளுக்கு ஐம்பது ரூபாயாகச் சேர்த்த பணத்தில் வாங்கினோம். எங்கள் உயிரியல் ஆசிரியையான சகோதரி அவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். “புது மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெரிய தொட்டியில் விட வேண்டும், பிள்ளைகளே” என்றார்கள். இருப்பதோ ஒரு தொட்டி. அதிலும் பாறையும், மணலும், ஒரு துறவி நண்டும் தவிர வேறு மீனே இல்லை. “நோய் தொற்றுவதற்கு உள்ளே வேறு மீன் இருந்தால்தானே, சிஸ்டர்?” என்று நாங்கள் வாதாடினோம். நாங்கள் வென்றோம். அதுதான் முதல் தவறு. நோயை வெளியிலிருந்து உள்ளே கொண்டு வருவதே புது மீன்தான் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, மீன்களில் ஒன்று பாறையில் உடலை உரசி உரசித் திரும்புவதைக் கண்டோம். விளையாடுகிறது என்று நினைத்தோம். மறுபடி உற்று நோக்கியபோது துடுப்பின் கண்ணாடி போன்ற விளிம்பில் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. கோமாளி மீனின் ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் உண்டு அல்லவா? பட்டையின் மேல் உள்ள புள்ளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே துடுப்பையும் ஆரஞ்சுப் பகுதியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதே முறை. இதை நாங்கள் பின்னால்தான் அறிந்தோம்.

ஒரு தோழியின் பாட்டி, “இதுக்கா இவ்வளவு கவலை? ஒரு கை கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சளும் போடுங்க கண்ணு, எங்க தொட்டியில ரெண்டே நாள்ல போயிடுச்சு” என்றார். பாட்டி சொன்னது பொய் அன்று. நன்னீர் மீன்களுக்கும் இதே போன்ற வெண்புள்ளி நோய் வரும். அதை உண்டாக்கும் உயிர் வேறு. அதற்கு உப்பு பயன்படும். கடலிலேயே பிறந்து வளர்ந்த உயிரை உப்பு என்ன செய்யும்? பாட்டியிடம் இதைச் சொன்னபோது, “அட, ஆமாம்!” என்று அவரே சிரித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, வந்து பார்த்தால் புள்ளி ஒன்றுகூட இல்லை! கைதட்டி ஆரவாரம் செய்தோம். மருந்தே இல்லாமல் குணமாகிவிட்டது என்று வகுப்புப் பலகையில் எழுதி வைத்தோம். பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை பார்த்தபோது இரண்டு மீன்களின் மேலும் யாரோ உப்புத்தூளைத் தூவிவிட்டது போல் இருந்தது. செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணினோம். வாங்கிய அன்று எண்ணியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. உணவு போட்டால் வாயருகே வந்ததைக்கூட உண்ணவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலைச் சிறப்பு வகுப்புக்கு வந்தபோது சிறிய மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. மூச்சு இருந்தது. எட்டு மணிக்கு அதுவும் நின்றது. எங்களில் இருவர் அழுதுவிட்டார்கள். சகோதரி அவர்கள் எதுவும் கடிந்து சொல்லவில்லை. “அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது, இறந்த மீனை விட்டு ஒட்டுண்ணி சீக்கிரம் போய்விடும், நுண்ணோக்கியை எடுங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். மீனின் மேல்தோலில் படிந்த வழுவழுப்பைக் கண்ணாடித் துண்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, ஒரு சொட்டுக் கடல்நீருடன் வில்லையில் வைத்துப் பார்த்தோம். கருத்த உருண்டை ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் விளிம்பு முழுவதும் நுண்ணிய மயிர்கள் அலை அலையாக அசைந்தன. நம் பாடநூலில் வரும் பாரமீசியத்திற்கு உள்ள அதே குறுஇழைகள்!

அதன் பெயர் கிரிப்டோகாரியான் இர்ரிடன்ஸ். ‘கிரிப்டோ’ என்றால் மறைந்த, ‘காரியான்’ என்றால் உட்கரு; ‘இர்ரிடன்ஸ்’ என்றால் அரிப்பூட்டுவது. லண்டன் மிருகக்காட்சிச் சாலையின் மீன்காட்சியகத்தில் இருந்த மீன்களில் இதைக் கண்டு, 1951-ஆம் ஆண்டு பிரௌன் என்பவர் இப்பெயரை இட்டார். ஒரே செல்லால் ஆன உயிர். முழு வளர்ச்சியில் அரை மில்லிமீட்டர் வரை வளரும். ஆகவேதான் வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது.

இனி இதன் வாழ்க்கையைக் கேளுங்கள். இதை அறிந்தால்தான் திங்கட்கிழமை நாங்கள் கைதட்டியது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு மேலே அல்ல, மேல்தோலுக்கு உள்ளே புகுந்து தங்குகிறது. அங்கே மூன்று முதல் ஏழு நாள் வரை மீனின் செல்களைத் தின்று கொழுக்கிறது. பிறகு தானாகவே உதிர்ந்து அடியில் விழுந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போகிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரக்கூடும். அவை பெரும்பாலும் இரவின் பின்பகுதியில், மீன் அடியில் அசையாமல் உறங்கும் வேளையில் வெளிவருகின்றன. எவ்வளவு தந்திரம் பாருங்கள்! வெளிவந்தவை ஒரு நாளுக்குள் மீன் ஒன்றைக் கண்டுபிடிக்காவிட்டால் இறந்துவிடும். பரந்த கடலில் மிகப் பல அப்படித்தான் வீணாகின்றன. அதனால் கடலில் இந்நோய் மீன்களை எளிதில் கொல்வதில்லை. 100 லிட்டர் தொட்டியில் வீணாக வழி ஏது?

ஆகவே புள்ளி மறைந்த அன்று மீன் குணமாகவில்லை. ஒட்டுண்ணிகள் பெருகுவதற்காக இறங்கியிருந்தன. ஐந்தாறு புள்ளிகள் நான்கே நாளில் நூற்றுக்கணக்கானவை ஆனதன் கணக்கு இதுதான். தோலில் தெரிவது கொஞ்சம். செவுளுக்குள் தெரியாமல் இருப்பதுதான் மூச்சை அடைத்துக் கொல்கிறது.

மருந்துகளின் கதைக்கு வருவோம். மீனின் தோலுக்குள் இருக்கும்போதும், கூட்டுக்குள் இருக்கும்போதும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. நீரில் நீந்தும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அதைப் பிடிக்க வேண்டும். ஆகையால் எந்த வைத்தியமும் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டியிருக்கிறது. “ஒரே நாளில் குணம்” என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உணவில் பூண்டுச்சாறு கலந்தால் போய்விடும் என்பதும் அத்தகையதே. பூண்டு வாசனைக்கு மீன் ஒருவேளை நன்றாக உண்ணலாம், அவ்வளவுதான்.

பழைய வைத்தியம் தாமிரம். நம் வேதியியல் ஆய்வகத்தில் நீல நிறத்தில் இருக்கும் மயில்துத்தம்தான் அது. நீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் இரண்டு மூன்று வாரம் குறையாமலும் கூடாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். கூடினால் மீன் சாகும். மயில்துத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் தாமிரம். கணக்குப் போட்டோம்: 40 லிட்டர் நீருக்கு 8 மில்லிகிராம் தாமிரம், அதாவது சுமார் 31 மில்லிகிராம் மயில்துத்தம். எங்கள் ஆய்வகத் தராசில் அதை நிறுக்கவே முடியாது. கரைசலாகச் செய்து சொட்டுச் சொட்டாக விடலாம் என்று ஒருத்தி சொன்னாள். நாள்தோறும் நீரில் தாமிரம் எவ்வளவு என்று சோதிக்கும் பெட்டி இல்லாமல் அது கூடாது என்று சகோதரி அவர்கள் மறுத்துவிட்டார்கள். மேலும், பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துறவி நண்டு போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கோ தாமிரம் நஞ்சு. ஆகவே பெரிய தொட்டியில் அதை நினைத்தும் பார்க்கக்கூடாது.

ஆனால் தாமிரத்தைத் தள்ளிவிடவும் முடியாது. புள்ளிகளாக இல்லாமல் மஞ்சள் தூசி படிந்தது போல மீன் மங்கலாகத் தெரிந்தால் அது அமிலூடினியம் என்ற வேறோர் ஒட்டுண்ணி. ஓரிரு நாளிலேயே கொல்லக்கூடியது. அதற்கு உப்பைக் குறைத்துப் பயனில்லை, தாமிரம்தான். உடலில் தட்டைப் புழுக்கள் ஒட்டியிருந்தால், அதே வெப்பமுள்ள குளோரின் இல்லாத நன்னீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் கண்ணாலேயே காணலாம். கோமாளி மீன்களுக்கே பெரும்பாலும் வரும் புரூக்ளினெல்லா என்ற நோயில் தோல் கோழையாக உரியும், அதற்கு ஃபார்மலின். அந்தப் புட்டியை மட்டும் மாணவியர் எவரும் தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகச் சட்டம். அது மனிதருக்கே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. எந்த ஒட்டுண்ணி என்று தெரியாமல் மருந்து ஊற்றக்கூடாது என்பதற்காகவே அன்று காலை முதலில் நுண்ணோக்கியை எடுக்கச் சொன்னார்கள் போலும்.

எங்களுக்கு மீதி இருந்தவை மருந்தில்லாத இரண்டு வழிகள். ஒன்று, தொட்டி மாற்றும் முறை. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை முற்றிலும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும். உதிர்ந்தவை கூட்டிலிருந்து வெளிவர மூன்று நாளாவது ஆகும். அதற்குள் மீன் அங்கே இருக்காது. முதலாம் நாள் தொடங்கி 4, 7, 10, 13-ஆம் நாள்களில் மாற்றினால் உடலில் இருந்தவை எல்லாம் உதிர்ந்து முடியும். மிக அழகான முறை என்று எங்களுக்குத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கடல்நீர் கரைக்க வேண்டும். எங்களிடம் அவ்வளவு கடலுப்பு இல்லை. எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைக்கவும் முடியாது. கேன் தண்ணீர்தான் வாங்க வேண்டும். மேலும் மீன் மிகவும் சோர்ந்திருந்தது. அடிக்கடி வலையில் பிடிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே இரண்டாம் வழியைத் தேர்ந்தோம்: நீரின் உப்பைக் குறைப்பது. கடல் மீன் தன் உடலிலிருந்து ஓயாமல் நீரை இழக்கிறது. அதை ஈடு செய்யக் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள நீரில் உப்பு குறைந்தால் மீனுக்கு அந்த உழைப்பு குறையும். ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கோ அந்த வசதி இல்லை; நீர் உட்புகுந்து அதன் கூடுகள் அழிகின்றன. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அதை 16-க்குக் கொண்டு வர வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை குப்பி மீன் வளர்ப்பதற்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி வைத்திருந்த பழைய கண்ணாடித் தொட்டியை அன்றே கொண்டு வந்து கொடுத்தார். மணலும் பாறையும் போடாமல், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும், காற்று பம்பும், பஞ்சு வடிகட்டியும் மட்டும் வைத்து 40 லிட்டர் கடல்நீர் நிரப்பினோம். அதற்கென்று தனி வலை, தனி வாளி. இரண்டிலும் சிவப்பு நூல் கட்டினோம். ஈரக் கையின் ஒரு துளி நீர் போதும், நோய் தொட்டி மாறிவிடும்.

இப்போது எங்கள் இரண்டாவது தவறு. 40 லிட்டரில் 16 பங்கு வேண்டுமென்றால் 40 × 16 ÷ 35 = சுமார் 18 லிட்டர் கடல்நீர் இருந்தால் போதும்; மீதி 22 லிட்டரை எடுத்துவிட்டு நன்னீர் ஊற்றலாம் என்று கணக்கிட்டோம். ஒரேயடியாகச் செய்தால் மீன் அதிர்ச்சியடையும் அல்லவா? அதனால் சனி, ஞாயிறு இரு நாள்களிலும் ஐந்து ஐந்து லிட்டராக நான்கு முறையும், கடைசியில் இரண்டு லிட்டரும் எடுத்து ஊற்றினோம். ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிப்ராக்டோமீட்டரில் பார்த்தால் பத்தொன்பதரை! கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். சுத்த நீரை வைத்துச் சோதித்தால் சரியாகப் பூச்சியம் காட்டியது.

விடையைக் கண்டுபிடித்தவள் கணக்கில் எப்போதும் எங்களுக்கு உதவும் தோழிதான். “நாம் போட்டது தனி வட்டி, இது கூட்டு வட்டி” என்றாள். முதல் முறை எடுத்த ஐந்து லிட்டரில் 35 பங்கு உப்பு போயிற்று. இரண்டாம் முறை எடுத்தது ஏற்கெனவே நன்னீர் கலந்த நீர்; அதில் உப்பு குறைவாகத்தான் போகும். ஒவ்வொரு முறையும் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு போகிறது. 35, 30.6, 26.8, 23.4, 20.5 என்று இறங்கி, கடைசி இரண்டு லிட்டரில் 19.5. எந்திரத்தின் தேய்மானக் கணக்கைப் போட்டபோது இது எதற்கு உதவும் என்று அலுத்துக்கொண்டவர்கள் நாங்களே! இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணித்தாள்: ஏழரை லிட்டர். வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற எங்கள் பொழிச்சலூரில் ஏழரை என்றால் சிரிக்காமல் இருப்பார்களா? அவ்வளவு கவலையிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஏழரை லிட்டரை இரண்டு தவணையாக மாற்றியதும் 16-ஐ எட்டிவிட்டது. பத்தொன்பதரையிலேயே நிறுத்தியிருந்தால் ஒட்டுண்ணி பிழைத்திருக்கும். நாங்கள் மருத்துவம் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம்.

அதன் பிறகு 30 நாள். உப்பு குறைந்த நீரில் காரத்தன்மையும் தாழ்ந்துபோகும் என்பதால் நாள்தோறும் அதைச் சோதித்தோம். புதுத் தொட்டியின் வடிகட்டியில் நல்ல பாக்டீரியா போதுமான அளவு இராது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கூடிவிடும். நோயை விட்டு அம்மோனியாவுக்குப் பலி கொடுத்தவர்கள் பலர் உண்டாம். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே 16 அளவு உப்புள்ள நீரால் நான்கில் ஒரு பங்கை மாற்றினோம். முறை வைத்துச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சகோதரிகள் பார்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. இம்முறை எவரும் கைதட்டவில்லை. ஆறாம் நாள் மீன் ஒரு இறால் துண்டைக் கவ்வி விழுங்கியது. அன்றுதான் கொஞ்சம் நிம்மதி. முப்பது நாளுக்குப் பின் ஒரு வாரம் முழுவதும் எடுத்துக்கொண்டு உப்பைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் மீனுக்குத் துன்பம் அதிகம்.

பெரிய தொட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு: அதன் மணலில் கூடுகள் கிடந்தன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். ஆனால் 72 நாள் வரை கழித்துப் பொரிந்ததும் ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டுள்ளது. மீன் இல்லாவிட்டால் வெளிவந்தவை பட்டினியால் மடியும். நண்டின் மேல் அவை வாழா. எனவே 76 நாள் தொட்டியை மீனின்றி வைத்தோம். மழலையர் குழந்தைகள் துறவி நண்டைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் போவார்கள். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் அந்த நாள்களுக்குள்ளேயே முடிந்தன.

இந்த ஒட்டுண்ணி அலங்கார மீன்களுக்கு மட்டும் எதிரி என்று எண்ண வேண்டாம். கடலில் கூண்டுகள் அமைத்துக் கொடுவா, கடல் விரால் போன்ற உணவு மீன்களை வளர்ப்போருக்கும் இது பெருந்தொல்லை. கூண்டில் உப்பைக் குறைக்க முடியுமா? கடலையே கரைக்க வேண்டுமே! எங்களுக்கு ஒரு மீன் போயிற்று. அவர்களுக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே போகும்.

அக்டோபரில் மீனைப் பெரிய தொட்டியில் விட்டபோது அது முதலில் மூலைக்குப் போய் நின்றது. மறுநாள் நண்டின் பாறையைத் தன் இடமாக்கிக்கொண்டது. அதற்குத் துணையாக இந்த மாதம் இன்னொன்றை வாங்கியிருக்கிறோம். இம்முறை எங்கே பிறந்தது என்று கேட்டுத்தான் வாங்கினோம். தொட்டியில் பொரித்த குஞ்சுதான் என்றார்கள். என்றாலும் அது பல்லாவரம் சந்தைத் தொட்டியில் தனியாகவே இருக்கிறது. இதை எழுதும் இன்று அதற்குப் பதினொன்றாம் நாள். துடுப்பில் புள்ளி இல்லை, உரசவில்லை, குழாய்த் துண்டை விட்டு இன்னும் முழுவதும் வெளியே வரவில்லை.